கோட்டையும் கச்சேரியும் காணிக் கடதாசியும்

வாழைச்சேனை, கிரான், வாகரைப் பகுதிகளில் வாழும் விவசாயக் குடும்பங்களுக்குக் ‘கச்சேரி’ என்ற சொல் புதியதன்று. பாட்டுக் கச்சேரியை நம்மவர் இச்சொல்லால் கருதுவது குறைவு. மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில், வாவியோரமாக நிற்கும் பழைய கோட்டைக்குள் இருந்த அரசாங்க அதிபரின் காரியாலயத்தையே அது குறித்தது. வெள்ள நிவாரணம், புயல் நிவாரணம், காணிப் பிணக்கு, குளத்துத் தண்ணீர் என்று எதற்காகவாவது அக்கோட்டை வாசலில் காத்து நின்றவர்கள் நம் எல்லா ஊர்களிலும் உள்ளனர்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக நிற்கும் இக்கட்டடம் ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வேலைக்குப் பயன்பட்டது. முதலில் பீரங்கி வைக்கும் இடமாகவும், பின்னர் வரி கணக்கிடும் இடமாகவும், அதன் பின் காணி வழங்கும் இடமாகவும், யுத்த காலத்தில் நிவாரணம் கோரும் இடமாகவும் அது இருந்தது. 2024இல் மாவட்டச் செயலகத்துக்கெனத் திராய்மடுவில் புதிய கட்டடத் தொகுதி திறக்கப்பட்டதுடன் கோட்டையின் வரலாற்றில் இன்னொரு காலம் தொடங்கியுள்ளது. இக்கட்டடத்தின் கதையை அறிவதால் இடம்பெயர்ந்த விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நமது காணிகளுக்கான கடதாசிகள் எங்கிருந்து வந்தன, இன்று அவற்றை எங்கே தேடுவது என்பவற்றை விளங்கிக்கொள்ள இக்கதை உதவும்.

பீரங்கிகளின் காலம்

கண்டி அரசனுக்குக் கிழக்குக் கரையில் இரண்டு முக்கிய வாயில்கள் இருந்தன. ஒன்று திருகோணமலை, மற்றது மட்டக்களப்பு. 1602இல் ஒல்லாந்தரின் முதற் கப்பல் தலைவர்களுள் ஒருவரான ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டிக்குச் சென்று, அரசன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். இவ்வாறு வேற்று நாட்டவர் அரசனுடன் உறவுகொள்வதைப் போர்த்துக்கேயர் விரும்பவில்லை. இவ்வாயில்களை அடைப்பதற்காக அவர்கள் முதலில் திருகோணமலையிலும், 1628இல் மட்டக்களப்பிலும் கோட்டை கட்டினர்.

புளியந்தீவை அவர்கள் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் நெல்லும் மெழுகும் மக்களும் வாவி வழியாகவே போய்வந்தன. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையில், வாவியின் நடுவில் இருக்கும் தீவைப் பிடித்தவர் கையில் அவ்வழி முழுவதும் இருந்தது. நான்கு மூலைகளிலும் கொத்தளங்களோடு கூடிய, ஏறத்தாழச் சதுரமான கோட்டை அது. இரு பக்கங்களை வாவி காத்தது. மற்ற இரு பக்கங்களையும் அகழி காத்தது.

பத்து ஆண்டுகளில் நிலைமை மாறியது. அரசன் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே 18ஆம் திகதி, வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தரும் அரசனின் படைகளும் சேர்ந்து கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு விழுந்த முதற் போர்த்துக்கேயக் கோட்டை இதுவே.

இரண்டு பிரதிகள்

ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் திகதி, மட்டக்களப்பில் அரசனுக்கும் ஒல்லாந்தருக்கும் இடையில் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. பிடிக்கப்படும் கோட்டைகளில் யாருடைய படை தங்குவது என்பது அதில் ஒரு முக்கிய விடயம். அரசனிடம் இருந்த பிரதியில், ‘அரசன் விரும்பினால்’ ஒல்லாந்தப் படை தங்கலாம் என்ற கருத்துப்பட ஒரு நிபந்தனை இருந்தது. ஒல்லாந்தர் தம்மிடம் வைத்திருந்த பிரதியிலோ அந்த நிபந்தனை இல்லை.

ஒரு நிபந்தனை பற்றிய இந்த வேறுபாடு பெரும் பகையை உண்டாக்கியது. கோட்டைகளைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு அரசன் கேட்டான். ஒல்லாந்தர் தம் பிரதியைக் காட்டினர். யுத்தச் செலவையும் அரசன் தந்து முடிக்கவேண்டும் என்றனர். மட்டக்களப்புக் கோட்டை சில காலம் அவர்கள் கையை விட்டுப் போனாலும், 1660களின் பிற்பகுதியில் மீண்டும் அவர்களிடமே வந்தது. பெரும் படை வைத்திருந்த அரசனுக்கே, இரு தரப்புக் கடதாசிகளும் ஒத்திராததால் இந்நிலை ஏற்பட்டது. ஒரு கடதாசியில் கையெழுத்திடும் முன் அதை முழுதாக வாசிக்கச் செய்து கேட்கவேண்டும், நமது பிரதியையும் மற்றவர் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்பதற்கு நமது மாவட்டத்திலேயே நிகழ்ந்த பழைய உதாரணம் இது.

வரிக் கணக்கின் காலம்

1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. கடலில் அவர்களை எதிர்க்க அதன்பின் எவரும் இல்லாதபடியால் பீரங்கிகளுக்கு வேலை குறைந்தது. படை இருந்த மதில்களுக்குள் மெல்ல மெல்ல எழுதுவினைஞர்களின் மேசைகள் வந்து சேர்ந்தன. இந்தியாவில் அரசாங்கக் காரியாலயத்தைக் குறிக்க வழங்கிய ‘கச்சேரி’ என்ற சொல்லும் ஆங்கிலேயருடன் இங்கு வந்தது.

அக்காலக் கச்சேரி விவசாயிக்கு விருப்பமான இடமாக இருக்கவில்லை. விளைச்சலில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு நெல்வரியாக அரசுக்குப் போனது. அவ்வரியை அறவிடும் உரிமை பல இடங்களில் குத்தகைக்கு விடப்பட்டதால், குத்தகைக்காரரின் கெடுபிடியும் சேர்ந்தது. நெல்வரி 1892இல்தான் ஒழிக்கப்பட்டது.

வரியை விடக் காலம் கடந்து நிற்பவை 1840இல் வந்த இரண்டு சட்டங்கள். முதலாவது, அவ்வாண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காணியை விற்பதோ கொடுப்பதோ நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளுடன், எழுத்தில் நடைபெறாவிட்டால் செல்லாது என்று அது விதித்தது. இரண்டாவது, 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் காணிகள், வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது அது.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். அதுவரை ஊரார் அறிய ஒருவர் உழுதுவந்தால் அது அவருடைய வயல். எல்லை எது என்று பக்கத்து வயற்காரர் சொல்வார். 1840க்குப் பின் ஊராரின் வாய்ச்சொல் போதாமற் போயிற்று. சில வருடம் பயிரிட்டுச் சில வருடம் காடாக விடும் சேனைக் காணிக்கு இச்சட்டம் பெரும் ஆபத்தாயிற்று. ஊர்ப் பெயரிலேயே ‘சேனை’யை வைத்திருக்கும் நமக்கு இது எளிதில் விளங்கும். காணியை விட்டுச் சில காலம் விலகியிருந்தவன், திரும்பி வரும்போது கடதாசியுடன் வரவேண்டும் என்ற நிலை அன்றே தொடங்கிவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் நன்மையும் நடைபெற்றது. தேசாதிபதி வார்ட் காலத்தில், 1855இற்கும் 1860இற்கும் இடையில், கிழக்கின் பழைய குளங்கள் சில திருத்தப்பட்டன. 1856இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், தண்ணீர் பங்கிடுதல், வேலியடைத்தல் பற்றிய ஊர் வழக்கங்களுக்குச் சட்ட மதிப்பளித்தது. இன்றும் ஆரம்பக் கூட்டம் கூட்டி விதைப்புத் திகதியையும் தண்ணீர் விடும் திகதியையும் தீர்மானிப்பதும், வட்டவிதானை அதை நடைமுறைப்படுத்துவதும் அந்த வழிவந்தவையே.

பேர்மிட் பிறந்த மாவட்டம்

நம்மில் பலரிடம் உள்ள ‘பேர்மிட்’, அதாவது காணி அனுமதிப்பத்திரம், மட்டக்களப்புடன் நெருங்கிய தொடர்புடையது என்பது பலருக்குத் தெரியாது. 1920களின் தொடக்கத்தில் கிழக்கு மாகாண அரசாங்க அதிபராக இருந்த சி. வி. பிரெயின் என்பவர், மட்டக்களப்பில் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். போடியாரின் வயலில் பங்குக்கு வேலை செய்தவர்களுக்கும் சொந்தக் காணி இல்லாதவர்களுக்கும் முடிக்குரிய காணியைச் சிறு துண்டுகளாகக் கொடுப்பது அம்முறை. காணியைப் பெற்றவர் அதைத் திருத்திப் பயிரிடவேண்டும். விற்கக் கூடாது, ஈடு வைக்கவும் கூடாது. கடன்காரனிடம் காணி பறிபோகாமல் காப்பதே இந்த நிபந்தனைகளின் நோக்கமாகும்.

பின்னர் 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு இத்தகைய முறையை நாடு முழுவதற்கும் ஏற்றதாகக் கண்டது. பிரெயின் இலங்கையின் முதலாவது காணி ஆணையாளரானார். 1935இல் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. இன்று நாட்டின் எந்தக் குடியேற்றத் திட்டத்திலும் வழங்கப்படும் அனுமதிப்பத்திரத்துக்கும் அளிப்புப் பத்திரத்துக்கும் இச்சட்டமே அடிப்படை.

வாவியை அடைக்கக் கட்டப்பட்ட கோட்டை, இவ்வாறு காணியற்றவனுக்குக் காணி வழங்கும் காரியாலயமாயிற்று. விண்ணப்பதாரர்களை நேரில் அழைத்து விசாரித்துத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்குக் ‘காணிக் கச்சேரி’ என்ற பெயர் நிலைத்தது. அக்கூட்டம் பாடசாலை மண்டபத்தில் நடந்தாலும் மரநிழலில் நடந்தாலும் அதன் பெயர் கச்சேரிதான்.

அழிவுகளின் காலம்

1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய புயல் மட்டக்களப்பு மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. 1990 யூன் மாதம் யுத்தம் மீண்டும் மூண்டபோது கிராமம் கிராமமாக மக்கள் ஓடினர். 2004 டிசெம்பர் 26இல் கடல்கோள் வந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் பெயர்ந்த மக்களால் மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. ஓடியவர்கள் பிள்ளைகளைத் தூக்கினார்கள். கடதாசிப் பெட்டியைத் தூக்க எல்லோருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை.

இக்காலங்களில் கோட்டை நிவாரணத்துக்கும் பதிவுக்கும் மக்கள் நாடிய இடமாயிற்று. யாழ்ப்பாணக் கோட்டையை இதனுடன் ஒப்பிடலாம். அங்கு கோட்டை மீண்டும் படையின் இடமானது. 1990இல் அது முற்றுகைக்கு உள்ளாயிற்று. 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் உட்பட அதன் உட்புறக் கட்டடங்கள் யுத்தத்தில் இடிந்தழிந்தன. காலியிலோ கோட்டைக்குள் மக்கள் வீடுகளும் காரியாலயங்களும் தொடர்ந்து இருந்ததால் அது உயிருள்ள நகரமாக நின்றது. ஆனால் அங்கும் உல்லாசப் பயணம் பெருகியபின் காணி விலை ஏறி, பழைய குடிகள் பலர் விற்று வெளியேறினர். ஒரு பழைய கட்டடத்தின் கதி அதன் கல்லின் உறுதியில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அதை எந்த வேலைக்கு வைத்திருக்கிறோம் என்பதிலும் தங்கியுள்ளது.

கச்சேரி இப்போது எங்கே?

காணி வேலைகள் கோட்டையை விட்டு விலகத் தொடங்கியது 2024இல் அன்று. 1992இன் 58ஆம் இலக்கச் சட்டம், அரசாங்க அதிபரிடமும் உதவி அரசாங்க அதிபரிடமும் இருந்த பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளர்களிடம் மாற்றியது. ஆகவே அரச காணி அனுமதிப்பத்திரம் பற்றிய வேலைக்கு முதலில் செல்லவேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகமாகும். வாழைச்சேனைக்குக் கோறளைப்பற்று, கிரானுக்குக் கோறளைப்பற்று தெற்கு, வாகரைக்குக் கோறளைப்பற்று வடக்கு. விலாசம் தெரியாமல் மட்டக்களப்புக்கும் திராய்மடுவுக்கும் அலைந்து நாட்சம்பளத்தையும் பஸ் காசையும் இழக்காதீர்கள்.

உங்கள் கையிலுள்ள கடதாசி எவ்வகை என்பதை முதலில் அறிந்துகொள்ளவேண்டும்.

முதலாவது, உறுதி. இது தனியார் காணிக்கு நொத்தாரிசு எழுதுவது. ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கும். இன்னொரு பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். எனவே உங்கள் உறுதி எரிந்தாலும் நனைந்தாலும், அது பதியப்பட்டிருந்தால், காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி கோரலாம். உறுதி இலக்கம், எழுதிய ஆண்டு, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் தேடுவது எளிதாகும்.

இரண்டாவது, அனுமதிப்பத்திரம். இது அரச காணியைத் திருத்திப் பயிரிட வழங்கப்படுவது. இதன் விபரம் பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டில் இருக்கவேண்டும். தொலைந்திருந்தால் கிராம சேவையாளர் ஊடாகப் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பழைய வரிப் பற்றுச்சீட்டு, உரமானியப் பதிவு, கமநல சேவை நிலையத்தில் வயலுக்குள்ள பதிவு ஆகியவை துணைச் சான்றுகளாகும். இக்காணியை வெற்றுக் கடதாசியில் எழுதி விற்பதும் வாங்குவதும் சட்டத்தின் முன் நில்லாது. அவசரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு அனுமதிப்பத்திரத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்தவர்கள் பின்னர் பட்ட துன்பம் பெரிது.

மூன்றாவது, அளிப்பு. அனுமதிப்பத்திர நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு வழங்கப்படும் கூடிய உரிமை இது. இதையும் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும்.

பெண்களுக்கு ஒரு குறிப்பு

மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்வது நெடுங்கால வழக்கம். ஆனால் 1935இன் சட்டம், உரித்தாளர் எவரும் பெயர் குறிக்கப்படாதவிடத்து, பிள்ளைகளுள் ஆண்களுக்கே முதலிடம் கொடுத்தது. நமது ஊர் வழக்கத்துக்கு இது நேர்மாறானது. 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் ஆண் பெண் என்ற இந்த வேற்றுமையை நீக்கியது.

சட்டம் திருந்தினாலும், காணிக்குப் பின்னுரித்தாளர் யார் என்பதை உயிருடன் இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பதிவது மிக முக்கியம். கணவன் பெயரில் மட்டும் அனுமதிப்பத்திரம் இருந்து, அவர் இறந்தோ காணாமற்போயோ இருந்தால், மனைவி அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. மரணச் சான்றிதழையோ, காணாமற்போனமைக்கான சான்றையோ, விவாகச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு சென்று காணியைத் தன் பெயரில் பதியும் வழியைக் கேட்டறியவேண்டும். கடதாசி இறந்தவர் பெயரிலேயே கிடந்தால் வீட்டுத்திட்டமும் கடனுதவியும் கைக்கு எட்டாமற் போகும்.

காணியில் இன்னொருவர் இருந்தால்

தனியார் காணியில் ஒருவர் பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக, தனதாக ஆண்டுவந்தால் அவர் உரிமை கோரலாம் என்பது 1871ஆம் ஆண்டிலிருந்து உள்ள ஆட்சியுரிமைச் சட்டம். ஓடிப்போனவர்களுக்கு இது அநீதியாக அமைந்தபடியால், 2016இல் பாராளுமன்றம் 5ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கை காரணமாக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிலெடுக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். உங்கள் விடயத்துக்கு அது இன்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவிலோ ஒரு சட்டத்தரணியிடமோ கேளுங்கள். அரச காணிக்கு இந்தப் பத்தாண்டுக் கணக்குப் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். காணியில் இருப்பவரோடு கைகலப்புக்குப் போகவேண்டாம். அவரும் எங்கிருந்தோ பெயர்ந்து வந்த குடும்பமாக இருக்கலாம்.

கோட்டைக்கு இனி

மட்டக்களப்புக் கோட்டை ஒரு தொல்பொருட் சின்னம். அதன் மதில்களும் பழைய பீரங்கிகளும் பாதுகாக்கப்படவேண்டியவை. உல்லாசப் பயணிகள் வந்து பார்ப்பதும் நகருக்கு நல்லதே. ஆனால் அங்கே போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் கதை மட்டும் சொல்லப்பட்டால் அது பாதிக் கதையாகவே இருக்கும். நெல்வரி கட்ட வந்தவர், முதற் காணித் துண்டைப் பெற்றவர், புயலுக்குப் பின் கூரைத் தகடு கேட்டு நின்றவர், பிள்ளையைத் தேடி மனுக் கொடுத்தவர் ஆகியோரும் அந்த வாசலால் சென்றவர்களே. பிள்ளைகளைப் பாடசாலைச் சுற்றுலாவில் அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதையும் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

நாம் வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. உறுதி, அனுமதிப்பத்திரம், அளிப்பு, பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள் யாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுங்கள். மூலத்தைத் தடித்த பொலித்தீன் உறையில் இட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரு பிரதியை வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் படமெடுத்து இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி வையுங்கள். கடதாசி இலக்கங்களைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றில் எழுதி, அது எங்கே இருக்கின்றது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். மாரி மழை தொடங்கும் முன்னர் ஒருநாள் மாலை இதற்கென ஒதுக்கினாற் போதும்.